வீட்டு வண்டி வாங்கும் முன் கார்க் கதவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன, என் மனைவி இரண்டு முறை எடுத்துப் பார்த்தாள். ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு வரி வருகிறது. இப்போது இலகு ரக வண்டிகள் வந்துவிட்டன, பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டிலோடு கிடைக்கின்றன, எந்தக் குடும்பக் காரும் இழுத்துவிடும் என்று. அந்த வரி தவறு. தவறு என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட மனம் வரவில்லை, ஏனென்றால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பேப்பரில் படித்ததை அப்பா அம்மா போனில் சொல்வார்கள், அவர்களும் அதை நம்பிப் போய் ஒன்றை வாங்கிவிடுவார்கள். வாங்கிய பிறகு அந்த வண்டியில் ஏறப்போவது நம் பேரப்பிள்ளைகள்.

நான் 31 வருடம் லாரி ஓட்டியவன். மாங்காய், புளி, பர்கூர் பக்கத்துக் கிரானைட் கல் என்று எல்லாப் பாரமும் ஏற்றியிருக்கிறேன். என் அப்பா மாட்டு வண்டி வைத்து சந்தைக்குப் புளி மூட்டை அடித்தவர். போன வருடம் மார்ச் மாதம் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்தோம். சரியாக அந்த நேரத்தில்தான் மருமகன் இந்த வண்டி வாங்கக் கிளம்பினார். தேடியது, விலை பேசியது, மாட்டியது, ஓட்டியது, ஊருக்குத் திரும்பி கழிவுத் தொட்டியைக் கழுவியது வரை கூடவே இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், இது என்ன வண்டி என்று தெரியாதவர்களுக்கு. இதற்கு எஞ்சின் கிடையாது. நம் கேரவன் மாதிரி தானாக ஓடாது, காரோ பிக்கப்போ முன்னால் இழுக்க வேண்டும். உள்ளே பெரியவர்களுக்கு ஒரு கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கழிவறை, பின்பக்கம் ரயில் பெர்த் மாதிரி மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிள்ளைகளுக்குக் கட்டில். அந்தப் பின்கட்டில் உள்ள வகையைத்தான் பங்க்ஹவுஸ் என்கிறார்கள். நமக்கு லாரி பாடி என்றால் நாமக்கல் எப்படியோ, அப்படி அவர்களுக்கு இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்று ஒரு ஊர். அமெரிக்காவில் ஓடும் வீட்டு வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வட்டாரத்துப் பட்டறைகளில் கட்டியவைதான்.

"இலகு ரகம்", "மிக இலகு ரகம்" என்று வண்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இத்தனை கிலோவுக்குக் கீழே என்று ஒரு வரம்பு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி ஒட்டிக்கொள்கிறது. 1300 கிலோ வண்டியிலும் அந்த ஸ்டிக்கர் இருக்கிறது, 2500 கிலோ வண்டியிலும் இருக்கிறது.

நாங்கள் முதலில் பார்த்த வண்டி எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பேரன் மேல்கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றான். விற்பனையாளர் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். உங்கள் கார் 5000 பவுண்டு எடை இழுக்கும், இந்த வண்டி 3900 பவுண்டுதான், 1100 பவுண்டு மிச்சம் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார். மருமகனும் தலையாட்டினார். அங்கேயே நான் கேட்ட ஒரே கேள்வி, அந்த 3900 காலி வண்டியின் எடையா, பாரம் ஏற்றிய எடையா?

நம் ஊரில் லாரி வைத்திருப்பவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்கள், ஆர்.சி. புத்தகத்திலேயே காலி எடை வேறு, மொத்த எடை வேறு என்று அச்சடித்திருக்கும். விளம்பரத்தில் அவர்கள் போடுவது காலி எடை. பேட்டரி இல்லை, கேஸ் இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு கரண்டிகூட இல்லை. 30 கேலன் தொட்டி என்றால் 114 லிட்டர், அதாவது 114 கிலோ. கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் ஒன்று 17 கிலோ வரும், இரண்டு வைப்பார்கள். அப்புறம் பேட்டரி, ஏ.சி., வெயிலுக்கு இழுத்துவிடும் பந்தல் துணி, கட்டிலுக்கு மெத்தை போர்வை, பாத்திரம், அரிசி, நாற்காலி, சைக்கிள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டியதில் 3900 பவுண்டு வண்டி 4850 பவுண்டு ஆனது. கிலோவில் சொன்னால் 1770 கிலோ என்று நினைத்தது 2200 கிலோ.

அப்போதும் 5000-க்குக் கீழேதானே மாமா, 150 பவுண்டு மிச்சம் இருக்கிறதே என்றார் மருமகன். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். இழுக்கும் கணக்கு வேறு, சுமக்கும் கணக்கு வேறு. கார் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவை ஒருபோதும் தாண்டக்கூடாது என்று கிலோவிலும் பவுண்டிலும் போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் எல்லாக் காரிலும் அது உண்டு. ஒரே மாடல் கார்கள் இரண்டு அக்கம்பக்கமாக நின்றாலும், ஒன்றுக்கு மேற்கூரைக் கண்ணாடியும் பெரிய சக்கரமும் வைத்திருந்தால் அதன் எண் குறைந்திருக்கும், அதனால் இணையத்தில் பார்த்த எண்ணை நம்பாமல் தன் காரின் கதவைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் காருக்கு 612 கிலோ. இழுக்கப்படும் வண்டி காரின் கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறதோ, அதுவும் இந்த 612-க்குள்தான் சேரும். இதைத்தான் அந்த விற்பனையாளர் சொல்லவில்லை.

கொக்கியில் எவ்வளவு அழுத்தும்? இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள், வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை கொக்கியில் உட்கார வேண்டும். மருமகன் இதைப் படித்துவிட்டு ஏன் இப்படி, அழுத்தவே இல்லாமல் சமமாக வைத்துவிட்டால் காருக்கு நல்லதுதானே என்று கேட்டார். படித்த பிள்ளை, கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு உடனே அப்பா வண்டி பாரம் ஏற்றுவதுதான் ஞாபகம் வந்தது.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். மூட்டை முன்னால் அதிகமாக விழுந்தால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், மாடு நடக்க முடியாமல் திணறும். பின்னால் அதிகமானால் பின்பாரம், நுகத்தடி மேலே தூக்கும், கழுத்தில் கட்டிய கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், வண்டி பின்பக்கம் குடை சாயும். அப்பா மூட்டைகளை அடுக்கி முடித்ததும் மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியைக் கையால் ஒரு தூக்கு தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் கனம் தெரிய வேண்டும், கை ஒடியக்கூடாது. சரியில்லை என்றால் ஒரு மூட்டையை ஒரு முழம் முன்னாலோ பின்னாலோ நகர்த்துவார். எடைமேடை இல்லாத காலத்தில் அந்தக் கைதான் அவருக்கு எடைமேடை. டெக்சாஸில் நான் பார்த்ததும் அதே கணக்குதான், மாட்டுக்குப் பதில் கார் நிற்கிறது, வேகம் மட்டும் மணிக்கு 100 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பின்பாரம் இருந்தால் வண்டி வாலை ஆட்ட ஆரம்பிக்கும், முதலில் லேசாக, அப்புறம் காரையே இடமும் வலமுமாக இழுக்கும்.

சரி, எங்கள் கணக்கு. 2200 கிலோவில் நூற்றுக்கு 13 என்றால் 286 கிலோ கொக்கியில். எங்கள் கார்க் கையேட்டில் கொக்கிக்குத் தனியாக ஒரு வரம்பு இருந்தது, 500 பவுண்டு, அதாவது 227 கிலோ. இங்கேயே அடிபட்டுவிட்டது. மேலே போய்ப் பார்ப்போமே என்று பார்த்தோம். மருமகன், மகள், பேத்தி, பேரன் நான்கு பேரும் 205 கிலோ, நானும் மனைவியும் 124 கிலோ, காருக்குள் சாமான் 60 கிலோ, பாரத்தை முன்சக்கரத்துக்கும் பகிர்ந்துவிடும் கொக்கிச் சட்டம் 40 கிலோ. எல்லாம் சேர்த்து 715 கிலோ. ஸ்டிக்கர் சொல்வது 612. நூறு கிலோவுக்கு மேல் அதிகம். இழுக்கும் கணக்கில் பாஸ், சுமக்கும் கணக்கில் பெயில். அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த அன்று பேரன் இரவு சாப்பிடவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்த மூன்று வாரம் தேடி வாங்கியது அதைவிடச் சின்னது. ஒற்றை அச்சு, காலி எடை 1315 கிலோ, எல்லாம் ஏற்றி 1680 கிலோ, கொக்கியில் 210. காருக்குள் இருந்த சாமானில் பாதியை வண்டிக்குள் மாற்றி, கொக்கிச் சட்டமும் சின்னதாக 30 கிலோவில் வாங்கி, 599-ல் முடித்தோம். 13 கிலோ மிச்சம். இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதைக்கூட அவரவர் கார்க் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும், சில கார்களுக்கு வேண்டாம் என்றே போட்டிருக்கிறார்கள். வீட்டு வண்டியின் கதவு அருகிலும் இதே மாதிரி ஒரு ஸ்டிக்கர் உண்டு, இந்த வண்டிக்குள் இவ்வளவு சாமான்தான் ஏற்றலாம் என்று. சில இலகு ரக வண்டிகளில் அந்த எண்ணைப் பார்த்தால் தண்ணீரை நிரப்பிய பிறகு நான்கு பேர் துணிமணிக்குக்கூடப் போதாது. வண்டியை மெலிதாகக் கட்டிவிட்டு அதன் அச்சையும் மெலிதாகப் போட்டால் வேறு என்ன ஆகும்?

எடை குறைந்தால் டீசல் பெட்ரோல் மிச்சம் என்றும் உங்கள் கட்டுரையில் இருந்தது. அது முழுக்கச் சரியல்ல. வைக்கோல் லாரி ஓட்டியவரைக் கேளுங்கள். பாரம் ஒன்றுமே இல்லை, ஆனால் எதிர்க்காற்றில் வண்டி ஏறாது, டீசலைக் குடிக்கும். வீட்டு வண்டியும் காரைவிட உயரமான ஒரு சுவர்தான். சமவெளியில் வேகமாகப் போகும்போது எண்ணெயைத் தின்பது அந்தச் சுவரில் மோதும் காற்று. இரண்டு வண்டி ஒரே எடை என்றால், உயரமும் அகலமும் குறைந்ததை எடுக்கலாம்.

இப்போது படுக்கை. குடும்பத்துக்கு வாங்குகிறோம் என்றால் இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், நாங்கள் ஒவ்வொரு வண்டியிலும் ஆளுக்கு ஐந்து நிமிடம் படுத்தே பார்த்தோம். "8 பேர் படுக்கலாம்" என்று எழுதியிருக்கும், சாப்பிட உட்கார நான்கு பேருக்குத்தான் இடம் இருக்கும். அந்த 8-ல் இரண்டு பேர் சாப்பாட்டு மேசையை மடக்கிப் போட்டு அதன்மேல் படுக்க வேண்டியவர்கள். தினமும் ராத்திரி மேசையைப் பிரித்து, காலையில் படுக்கையைச் சுருட்டி மறுபடி மேசையாக்கி, அதற்குள் பிள்ளைகள் பசி என்று நிற்க, மூன்றாம் நாளே அலுத்துவிடும். நாங்கள் ஆறு பேர் என்பதால் எங்களுக்கு வேறு வழியில்லை, மகளும் மருமகனும் மேசையில் படுத்தார்கள். நான்கு பேர் குடும்பம் என்றால் மேசையைக் கணக்கில் சேர்க்காமல் நிரந்தரக் கட்டில் நான்கு பேருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பின்கட்டிலுக்கு எத்தனை கிலோ தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு, அதை விற்பனையாளரிடம் எழுத்தில் காட்டச் சொல்ல வேண்டும். சில வண்டிகளில் கட்டில் அகலம் 28 அங்குலம்தான், ஏழு வயதுப் பேரனுக்குப் போதும், 11 வயதுப் பேத்திக்கு இன்னும் இரண்டு வருடத்தில் போதாது. இந்த வண்டியைப் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர்கள் பிள்ளையின் இன்றைய உயரத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. பேத்தி கேட்டது ஒன்றே ஒன்று, கட்டிலுக்குத் திரை வேண்டும் என்று. அது நியாயம். மேல்கட்டிலில் படுத்தால் முகத்துக்கும் கூரைக்கும் நடுவில் எவ்வளவு இடம், விழாமல் தடுக்கும் கம்பி இருக்கிறதா, தீப்பிடித்தால் பிள்ளைகள் பின்பக்கமாகவே வெளியேறும் அளவுக்கு ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்தோம். அடுப்பும் கதவும் நடுவில், பிள்ளைகள் கடைசியில். இந்த அமைப்பில் அந்த ஜன்னல் இல்லாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் நான் பேரப்பிள்ளைகளைப் படுக்க வைக்கமாட்டேன். எங்கள் பிள்ளைகளை அதைத் திறந்து இறங்கிப் பார்க்கவும் பழக்கினோம்.

பின்பக்கத்துக் கட்டிலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஏப்ரல் மாதம் ஒரு நீண்ட வார விடுமுறையில் பாலோ டூரோ என்ற பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். அமரில்லோ ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, டாலஸிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல். மருமகன் ஆசையாக முதல் நாள் ராத்திரியே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். நான் தூங்கிவிட்டேன், காலையில் எழுந்து பார்க்காமல் விட்டது என் தவறு. பின்கட்டில் காலியாகத்தானே இருக்கிறது என்று அதன்மேலும் கீழேயும் அரிசி, கிரைண்டர், தண்ணீர் கேன், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, மூன்று சைக்கிள், ஏறக்குறைய 100 கிலோ. பங்க்ஹவுஸ் வாங்கும் எல்லோருக்கும் இந்த ஆசை வரும், ஏனென்றால் பகலில் அங்கேதான் இடம் இருக்கிறது. அது அச்சுக்கு வெகு பின்னால் இருக்கும் இடம். அப்பா பார்த்திருந்தால் அடித்திருப்பார், அத்தனையும் பின்பாரம்.

வழியில் விச்சிட்டா பால்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் பக்கவாட்டுக் காற்று. அந்தப் பக்கம் மரமே கிடையாது, வெட்டவெளி. ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போன வேகத்தில் வண்டி ஒரு ஆட்டு ஆட்டியது, நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை, ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதானது. மருமகன் பிரேக்கை மிதிக்கப் போனார். "மாப்பிள்ளை, பிரேக் வேண்டாம், ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்க, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க" என்று கத்தினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தோம், பின்வண்டியின் மின்சார பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் பிடிக்கும் பெட்டி. அதை மெதுவாக அழுத்தச் சொன்னேன். பின்வண்டி இழுபட்டு நேரானது. அந்தப் பெட்டி இல்லாமல் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து வந்த லாரி நிறுத்தத்தில் எடைமேடை இருந்தது. அமெரிக்காவில் லாரிகள் டீசல் போடும் இடங்களில் பரவலாக இருக்கிறது, கொஞ்சம் பணம் கொடுத்தால் முன்சக்கரம், பின்சக்கரம், பின்வண்டி அச்சு என்று மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிறார்கள். கொக்கிச் சட்டத்தின் பிடியைத் தளர்த்திவிட்டு மாட்டியபடி ஒரு முறை, பின்வண்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை மட்டும் ஒரு முறை. முதல் சீட்டில் கார்ச் சக்கரங்களில் வந்த எடையிலிருந்து இரண்டாவது சீட்டில் வந்த காரின் எடையைக் கழித்தால் கொக்கியில் அழுத்தும் எடை தெரிந்துவிடும். வந்தது 118 கிலோ. 1680-ல் 118 என்றால் நூற்றுக்கு 7. வெயிலில் நின்று பின்கட்டிலைக் காலி செய்து, அச்சுக்கு முன்னால், தரையோடு தரையாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினோம். மறுபடி எடை போட்டோம், 210. அதற்கப்புறம் அதே காற்று, அதே லாரிகள், வண்டி அசையவில்லை. ஒரு கிலோகூட வெளியே எறியவில்லை, இடம் மாற்றியதுதான்.

பாலோ டூரோவில் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதை நூறு அடிக்கு 10 அடி சரிவு, கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு. அதைப் பார்த்ததும் எனக்குத் தொப்பூர்தான். தருமபுரி தாண்டி சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று உங்கள் பேப்பரே வருடாவருடம் எழுதுகிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது, டிரம் காய்ந்து பிரேக் பிடிக்காமல் போவது. வீட்டு வண்டிக்கும் அதே விதிதான். மேலே நின்று, கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியிலேயே இறக்கினோம். 1680 கிலோ பின்னால் இருந்து தள்ளுவது ஓட்டுகிற ஆளுக்கு முதுகில் தெரியும். விளம்பரத்தில் இலகு என்று எழுதியது அந்த இறக்கத்தில் இலகுவாக இல்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று தண்ணீர். இலகு என்று மெலிந்த மரச்சட்டமும் மெலிந்த பலகையும் வைத்துத்தான் பெரும்பாலும் கட்டுகிறார்கள், கூரையில் ஒரு இணைப்பில் பசை விட்டுப்போனால் மழைநீர் சுவருக்குள் இறங்கி மரத்தை ஊறவைத்துவிடும், வெளியே ஒன்றுமே தெரியாது. நாங்கள் பார்த்த ஒரு வண்டி பளபளவென்று இருந்தது, பின்கட்டில் மெத்தையைத் தூக்கி மூலையில் கட்டைவிரலால் அழுத்தினால் ரொட்டி மாதிரி அமுங்கியது. வெளிச்சுவரில் பக்கவாட்டாக நின்று பார்த்தால் கொப்புளம் மாதிரி உப்பியிருந்தாலும் இதே நோய்தான். மெத்தையைத் தூக்கவிடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். புதிதாக வாங்கினாலும் வருடத்துக்கு இரண்டு முறை கூரைமேல் ஏறி அந்த இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. இந்த வண்டிகள் வருடத்தில் பத்து மாதம் நின்றுகொண்டே இருப்பதால் தரையில் உருளும் பட்டன் பகுதி தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் செத்துப் போயிருக்கும். ஒற்றை அச்சு வண்டியில் ஒரு டயர் வெடித்தால் தாங்குவதற்கு அந்தப் பக்கம் வேறு சக்கரம் இல்லை. தேய்மானத்தைப் பார்த்து ஏமாறாமல் வயதைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு இது வருமா என்று இங்கே டீக்கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று அரசே திட்டம் கொண்டுவந்தது, அது தானாக ஓடும் வண்டி வகை. ஒகேனக்கல்லிலோ கே.ஆர்.பி. அணையிலோ இப்படி வண்டிகள் நிற்க ஒரு இடம், தண்ணீர்க் குழாய், மின்சாரம், முக்கியமாகக் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஒழுங்கான ஒரு குழி, இவ்வளவு இருந்தால் போதும், குடும்பங்கள் வரும். குழி இல்லாமல் வண்டிகளை மட்டும் வரவிட்டால் எல்லாம் காவிரியிலும் தென்பெண்ணையிலும்தான் போய்ச் சேரும். அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்களை வைத்துத் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

இந்தக் கடிதத்தில் நான் கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிறு இணைப்பில், போன வாரம் வந்த அந்த வரியைத் திருத்தி, காரின் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். பிள்ளைகள் வாங்கும் முன் அந்த எண்ணிலிருந்து குடும்பத்தின் எடையைக் கழித்து, சாமானைக் கழித்து, கொக்கிச் சட்டத்தைக் கழித்து, மீதி என்ன இருக்கிறதோ அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகட்டும். பாரம் ஏற்றிய வண்டியின் எடையில் நூற்றுக்கு 13 அந்த மீதிக்குள் அடங்கினால் பார்க்கலாம், கொக்கி வரம்பும் இழுக்கும் வரம்பும் அதற்கு மேல் சரிபார்க்க வேண்டும். அடங்கவில்லை என்றால் சின்ன வண்டி, அல்லது பெரிய கார், அல்லது இந்த வருடம் கூடாரம். பிள்ளைகள் கூடாரத்திலும் சந்தோஷமாகத்தான் தூங்குவார்கள்.

எங்கள் தெருவிலேயே ஒரு பையன் அட்லாண்டாவில் இருக்கிறான். போன ஞாயிறு உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அவன் அப்பா போன் போட்டிருக்கிறார், அவனும் முன்பணம் கட்டப் போகிறானாம். முதலில் கார்க் கதவைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல் என்று நேற்றுச் சாயங்காலம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை, காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.